பெரிய சாருக்குக் கொடுத்த நல்ல தாள்

கூச்ச சுபாவம் உள்ளவனைக் கடவுள் அரைகுறையாகத்தான் கட்டிப்போடுகிறார். வாயை மட்டும் கட்டுகிறார். கையைச் சும்மா விட்டுவிடுகிறார். வாய் சொல்லியிருக்க வேண்டியதை எல்லாம் கை செய்து தொலைக்கும். என் கை அப்படிச் செய்த ஒரு காரியத்தால் ஒரு கம்பெனியின் பெரிய அதிகாரி தலைகுனிந்தார், ஒரு கேன்டீன்காரர் கண் சிவந்தார், என் கல்யாணம் நூலில் தொங்கியது. செய்தது ஒன்றும் பெரிதில்லை. ஒரு தாளை எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான்.

1991. ஒரகடம் போகிற சாலையில் அப்போது கம்பெனிகள் அங்கொன்று இங்கொன்றாகத்தான் இருந்தன. மற்றதெல்லாம் நெல்வயலும் ஏரிக்கரையும்தான். கம்ப்யூட்டர் செய்கிற ஒரு கம்பெனியில் நான் ஆபீஸ் பாய். (பாய் என்பது வேலையின் பெயர். மீசை நன்றாகவே வளர்ந்திருந்தது.) ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வடக்குப்பட்டிலிருந்து சைக்கிளில் வந்து, மேசை துடைத்து, டீ கொடுத்து, ஃபைல் தூக்கி, சாயங்காலம் சைக்கிளில் திரும்பிவிடுவேன். இதற்கெல்லாம் பேச வேண்டியதில்லை என்பதால் வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அங்கே கேன்டீன் எடுத்து நடத்தியவர் சேரப்பணஞ்சேரி தனபால். அவருடைய மகள் கஸ்தூரி அம்மாவோடு வந்து சமையலில் கூடமாட உதவி செய்வாள். அவளை எனக்குப் பிடித்திருந்தது. இதை நான் அவளிடம் சொல்லவில்லை. எங்களுக்குள் அதுவரை நடந்த பேச்சு மொத்தமும் "சாம்பார் ஊத்தட்டா?" "போதும்" என்பதுதான். (இதில் "போதும்" என் பங்கு.) என் தாய்மாமன் ஒருவர் மூலமாகப் பெண் கேட்டு அனுப்பினோம். தனபால் மாமா சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மனத்தில் இருந்ததை மட்டும் சொல்லி அனுப்பினார்.

"பையன் நல்ல பையன்தான். நான் தினமும் பாக்குறேனே. ஆனா வாயே தொறக்க மாட்டேங்கிறான். நாளைக்கு ரேஷன் கடையில எவனாவது பூந்து முன்னாடி நின்னுகினான்னா, 'யோவ், பின்னாடி போய்யா'ன்னு ஒரு வார்த்த கேக்க வாணாமா? நாலு பேரு முன்னாடி நின்னு ஒரு வேலைய முடிக்கிறான்னு நான் பாத்துட்டா போதும். மத்ததப் பேசிக்கலாம்."

நாலு பேர் முன்னால் நிற்பதற்கு நான் எங்கே போவேன்? அந்த வாய்ப்பு மலர்விழி மேடம் உருவத்தில் வந்தது.

மேடம் எங்கள் கம்பெனியில் இன்ஜினியர். கம்ப்யூட்டருக்கு உள்ளே இருந்துகொண்டு எல்லா புரோகிராம்களையும் மேய்க்கிற ஒன்று இருக்கிறதாம், அதற்கு கெர்னல் என்று பெயராம். அந்தக் கெர்னலில் அவர் புதிதாக ஒரு வேலை செய்திருந்தார். அதைக் கம்பெனியின் மிஷின்களில் சேர்க்க, மெட்ராஸ் ஆபீசிலிருந்து வரும் பெரிய சார் சம்மதிக்க வேண்டும். பெரிய சார் விற்பனைப் பக்கத்திலிருந்து வந்தவர், உள்வேலை தெரியாது. அவருக்கு எப்படி விளக்குவது? "நாடகமாகப் போட்டுக் காட்டிவிடலாம்" என்று மேடம் முடிவு செய்தார். மனிதர்கள்தான் புரோகிராம். தாள்தான் கம்ப்யூட்டரின் நினைவு. கெர்னல் யார்?

"ஏழுமலை, நீங்கதான்" என்றார்.

"மேடம், நான்... எனக்குப் பேச..."

"கெர்னல் பேசவே பேசாது. கூப்பிட்டா வரும், வேலையை முடிக்கும், போயிடும். இந்த பில்டிங்கிலேயே உங்களைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது."

வாழ்க்கையில் என் கூச்சத்தை ஒருவர் தகுதியாகச் சொன்னது அப்போதுதான்.

எனக்குப் புரிந்த அளவில் அந்த வேலையைச் சொல்கிறேன். ஒரு புரோகிராம் சில சமயம் தன்னைப் போலவே இன்னொன்றைப் பெற்றுக்கொள்ளும். பெற்றதைத் தகப்பன் என்றும் பிறந்ததை மகன் என்றும் வைத்துக்கொள்வோம். தகப்பனிடம் இருக்கிற தாள்களெல்லாம் மகனுக்கும் வேண்டும். பழைய முறையில் மகன் பிறந்தவுடன் அத்தனை தாளையும் நகல் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதில் முக்கால்வாசியை மகன் தொடக்கூட மாட்டான். நேரமும் வீண், இடமும் வீண். மேடத்தின் முறை வேறு. நகலே எடுக்க வேண்டாம், இரண்டு பேரும் ஒரே தாளைப் பார்த்துப் படிக்கட்டும். படிக்கிற வரைக்கும் தகராறு இல்லை. யாராவது எழுதப் போனால் மட்டும் அந்தத் தாளை, அதுவும் அந்த ஒரு தாளை மட்டும், நகல் எடுத்து எழுத வந்தவனிடம் கொடுக்க வேண்டும். அவன் அதில் என்ன எழுதினாலும் மற்றவனுக்குத் தெரியாது.

நாடகத்துக்குத் தபால் அறையிலிருந்து நம்பர் போட்ட மரப்பெட்டி அலமாரியைத் தூக்கி வந்தோம். ஏழாம் அறையில் ஒரு தாள். மேடம் முத்து முத்தான எழுத்தில் "மழை வரும். குடை எடுத்து வை" என்று எழுதியிருந்தார். ஓரத்தில் அறையின் நம்பர், 7. மேலே சிவப்பு நூல் கட்டியிருக்கும். நூல் இருந்தால் படிக்கலாம், எழுதக்கூடாது. கரும்பலகையில் தகப்பன் 7, மகன் 7 என்று இருக்கும். யாராவது நூல் கட்டிய தாளில் எழுதப் போனால் மணி அடிப்பார்கள். இதற்கு பேஜ் ஃபால்ட் என்று பெயர். (ஃபால்ட் என்றதும் நான் "யார் மேடம் தப்பு பண்ணது?" என்று கேட்டேன். யாரும் இல்லையாம், கெர்னலைக் கூப்பிடுகிற முறையே அதுதானாம்.) மணி அடித்ததும் நான் போக வேண்டும். தாளைப் பார்த்து, ஓரத்து நம்பரை மட்டும் 12 என்று மாற்றி, அப்படியே ஒரு நகல் எழுத வேண்டும். எழுத வந்தவரிடம் நூல் இல்லாத அந்த நகலைக் கொடுக்க வேண்டும். அவர் எழுதி முடித்ததும் அதைப் பன்னிரண்டாம் அறையில் வைக்க வேண்டும். பலகையில் அவர் பெயருக்கு எதிரே 7 ஐ அழித்து 12 என்று போட வேண்டும். மற்றவருடைய 7 ஐத் தொடக்கூடாது.

முதல் ஒத்திகையில் என் நகலை வாங்கிப் பார்த்த மேடம் தாளின் உச்சியில் விரலை வைத்தார்.

"மேல என்ன இது?"

"பிள்ளையார் சுழி மேடம்."

"ஒரிஜினல்ல இருக்கா?"

"இல்ல மேடம்."

"அப்ப நகல்ல எப்படி வந்துச்சு?"

"புதுத் தாளாச்சே மேடம்..."

மேடம் கண்ணை மூடித் திறந்தார். "கெர்னலுக்கு பக்தி இருக்கக்கூடாது ஏழுமலை. இருக்கிறது அப்படியே. ஒரு புள்ளி கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

அதற்குப் பிறகு கையை அடக்கிக்கொண்டேன். தகப்பனாக அக்கவுண்ட்ஸ் ரங்கன், மகனாக இன்னொரு இளம் இன்ஜினியர். ரங்கனுக்குக் கோயில் மைக்கில் அறிவிப்பு செய்து பழகிய குரல். அவர் "மழை வரும்" என்று படித்தால் வெளியே காய வைத்த துணியை எடுக்க ஆள் ஓடும். நாலைந்து ஒத்திகைக்குள் எனக்கு வேலை பிடிபட்டுவிட்டது. ஒரே ஒரு குறைதான். என் கையெழுத்து. ஐந்தாம் வகுப்பில் நின்றுபோன எழுத்து அது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து, மழையில் மாட்டிக்கொண்ட கோழிக்குஞ்சுகள் மாதிரி இருக்கும். மேடத்தின் தாளுக்குப் பக்கத்தில் என் நகலை வைத்தால் எனக்கே பரிதாபமாக இருந்தது. "படிக்க முடியுது, அது போதும்" என்றார் மேடம்.

அந்த நாள் வந்தது. பெரிய சார் அம்பாசிடரில் வந்து இறங்கினார். மத்தியானம் கேன்டீனில் அவருக்குத் தனி இலை. தனபால் மாமா கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

"சாம்பார் எப்படிங்க சார் கீது?"

"பிரமாதம் தனபால். வீட்டுச் சாப்பாடு மாதிரி."

மாமா முகத்தில் விளக்கு ஏற்றினாற்போல இருந்தது. எனக்கும் சமையல்கட்டுப் பக்கம் சாப்பாடு போட்டார்கள். ஒரு வாய் வைத்தேன். பல்லெல்லாம் கூசி, காது மடல் வரைக்கும் புளித்தது. கஸ்தூரி கரண்டியோடு நின்று "எப்படி கீது?" என்றாள். அவள் என்னிடம் கேட்ட புதுக் கேள்வி அது. "நல்லாருக்கு" என்றேன். "இன்னும் ஊத்தட்டா?" என்றாள். இந்த முறை "போதும்" என்பதைக் கொஞ்சம் வேகமாகவே சொன்னேன்.

பிறகு எல்லோரும் ஹாலில் கூடினோம். சட்டையில் "கெர்னல்" என்று எழுதிய அட்டையைக் குத்திக்கொண்டு அலமாரி பக்கத்தில் நின்றேன். பின்வரிசையில் காபி டம்ளர்கள் வைத்த தட்டோடு தனபால் மாமா வந்து நின்றார். பக்கத்தில் இருந்தவரிடம் "நம்ம ஏழுமலை இன்னா போர்டு மாட்டிகினு கீறான்?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. நாலு பேர் முன்னால் ஒரு வேலை. மாமா பார்க்கிறார். இதை ஒழுங்காக முடித்தால் கஸ்தூரி.

மேடம் விளக்கம் சொல்லி முடித்து, மகனாக நடிக்க அந்த இன்ஜினியரைக் கூப்பிட்டார். அப்போது பெரிய சார் எழுந்தார்.

"அவர் எதுக்கு? நானே மகனா உட்காருறேன். செஞ்சு பார்த்தாத்தானே புரியும்."

எல்லோரும் கை தட்டினார்கள். நான் மட்டும் சட்டையில் குத்திய அட்டையை இன்னொரு முறை அழுத்திக்கொண்டேன்.

ரங்கன் ஏழாம் தாளைப் படித்தார். பெரிய சாரும் அதே தாளைப் படித்தார். ஒரே தாள், இரண்டு பேர், தகராறு இல்லை. மேடம் சொன்னார்: "இப்ப நீங்க அதுல ஏதாவது எழுதுங்க சார். மனசுல பட்டது எதுவானாலும் சரி. நீங்க எழுதுறது ரங்கனுக்குத் தெரியவே தெரியாது. அதுதான் இதுல விசேஷம்."

பெரிய சார் பேனாவை எடுத்தார். சிவப்பு நூலைப் பார்த்தார். மணி அடித்தார். நான் போனேன். உட்கார்ந்து நகல் எழுதினேன். பிள்ளையார் சுழி போடவில்லை, ஒரு புள்ளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எழுந்து நின்றேன். ஒரு கையில் மேடத்தின் முத்தான எழுத்து. இன்னொரு கையில் என் கோழிக்குஞ்சுகள்.

எதிரே பெரிய சார், தங்க ஃபிரேம் கண்ணாடியோடு கை நீட்டிக்கொண்டிருக்கிறார்.

இந்த இடத்தில் நான் என்ன நினைத்தேன் என்று பல பேர் கேட்டிருக்கிறார்கள். நான் நினைக்கவே இல்லை. எங்கள் பக்கத்தில் வீட்டுக்குப் பெரிய மனிதர் வந்தால் புது டம்ளரை அவருக்குக் கொடுத்துவிட்டு நெளிந்ததில் நாம் குடிப்போம். அதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள், கைக்கே தெரியும். என் கை நல்ல தாளிலிருந்த நூலை அவிழ்த்து அதைப் பெரிய சாரிடம் நீட்டியது. நெளிந்ததை நான் வைத்துக்கொண்டேன்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அவர் எழுதி முடித்துத் தாளை மடித்துக் கொடுத்தார். அதன் ஓரத்தில் 7 என்று இருந்ததால் அதை ஏழாம் அறையிலேயே வைத்தேன். என் நகலைப் பன்னிரண்டில் வைத்தேன். பலகையில் மகன் பெயருக்கு எதிரே 12 என்று, ஒத்திகையில் செய்த மாதிரியே சுத்தமாக எழுதினேன். திரும்பி மாமாவைப் பார்த்தேன். மாமா லேசாகத் தலையாட்டினார். என் மனத்தில் மேளம் கொட்டியது.

"இப்ப பாருங்க சார்" என்றார் மேடம். "நீங்க எழுதிட்டீங்க. ஆனா தகப்பனோட தாள் பழையபடியே இருக்கும். ரங்கன், உங்க தாளை வாங்கிப் படிங்க. எல்லாருக்கும் கேக்குற மாதிரி."

பலகையில் ரங்கனுக்கு 7. நான் ஏழாம் அறையிலிருந்து தாளை எடுத்து அவரிடம் கொடுத்தேன். ரங்கன் தொண்டையைச் செருமினார்.

"மழை வரும். குடை எடுத்து வை. இன்றைய சாம்பாரில் புளியைத் தவிர வேறு எதுவும் இல்லை. கேன்டீன்காரரை உடனே மாற்ற வேண்டும்."

அவர் குரலில் அது கேட் வரைக்கும் போயிருக்கும். வாட்ச்மேனுக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். படித்து முடித்த பிறகுதான் ரங்கனுக்கு அர்த்தம் உறைத்தது. தாளைத் திருப்பி பின்பக்கம் பார்த்தார், அங்கே ஏதாவது மன்னிப்பு எழுதியிருக்குமோ என்பது போல.

யாரும் அசையவில்லை. பின்வரிசையில் தனபால் மாமாவின் தட்டில் டம்ளர்கள் மட்டும் ஒன்றோடொன்று இடித்துச் சன்னமாகச் சத்தம் போட்டன.

பெரிய சார் காது வரை சிவந்து எழுந்தார். "இல்ல தனபால்... அது சும்மா, உதாரணத்துக்கு எழுதினேன்."

"உதாரணத்துக்குன்னு இதுல எழுதலியே சார்" என்றார் ரங்கன், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு.

தனபால் மாமா காபித் தட்டைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

மேடம் அலமாரியைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. என்னைத் திட்டவில்லை. பெரிய சார் பக்கம் திரும்பி, "கெர்னல் தாளை மாத்திக் குடுத்தா இப்படித்தான் ஆகும் சார். ஒருத்தர் எழுதுறது இன்னொருத்தர்கிட்ட போய் நிக்கும். நிஜக் கெர்னல்ல இது நடக்காம நான் பார்த்துட்டேன்" என்றார்.

பெரிய சார் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "ரொம்ப நல்லா புரிஞ்சுதும்மா. இதைவிட நல்லா யாராலும் புரியவைக்க முடியாது. மிஷின்ல சேர்த்துடுங்க. இன்னைக்கே சேர்த்துடுங்க."

மேடம் ஜெயித்துவிட்டார். நான் அட்டையைக் கழற்றிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, தூக்குமேடைக்குப் போகிறவன் மாதிரி சமையல்கட்டுக்குப் போனேன். போகாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். ஆனால் சைக்கிள் சமையல்கட்டுக்குப் பின்னால்தான் நின்றது.

மாமா முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கஸ்தூரி குண்டான் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வாய்யா கெர்னலு" என்றார் மாமா. "ஒரு காயிதத்த ஒழுங்கா எடுத்துக் குடுக்கத் தெரியல. நீ என் பொண்ண கட்டிகினு போயி இன்னா குடும்பம் நடத்துவே? இத்தினி பேரு முன்னாடி என் சாம்பார சந்தி சிரிக்க வெச்சிட்டியே!"

நான் தரையைப் பார்த்தேன். தரை சுத்தமாக இருந்தது.

"அந்தாளு என் மூஞ்சிக்கு நேரா பிரமாதம்னாரு. நீயும்தானே துன்னே? இன்னா சொன்னே?"

"நல்லாருக்குன்னு சொன்னேன் மாமா."

"நெசமாவே நல்லாத்தான் இருந்துச்சா?"

வாய் பழையபடி கட்டிக்கொண்டது. கஸ்தூரி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நைனா, நீ அத துன்னியா?"

"எனக்கு எங்கடி நேரம்? அந்தாளு பின்னாடியே நின்னுகினு இருந்தேன்."

அவள் மிச்சமிருந்ததில் ஒரு கரண்டி எடுத்து நீட்டினாள். மாமா வாயில் வைத்தார். முகம் உள்பக்கமாகச் சுருங்கியது. ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

"அம்மா ஒரு தபா கரைச்சு ஊத்திகீது. அது ஊத்துனது தெரியாம நானும் ஒரு தபா ஊத்திட்டேன்" என்றாள் கஸ்தூரி, குரலை இறக்கி.

(ஒரே குண்டானில் இரண்டு பேர் எழுதினால் என்ன ஆகும் என்பது எனக்கு அங்கேதான் முழுதாகப் புரிந்தது. மேடம் இதையே நாடகமாகப் போட்டிருக்கலாம்.)

மாமா ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "இதையா நல்லாருக்குன்னே?"

கஸ்தூரி என்னையே பார்த்தாள். பிறகு மளிகைச் சிட்டை ஒன்றைத் திருப்பி, காதில் மாமா சொருகியிருந்த பென்சிலை உருவி, இரண்டையும் என் முன்னால் வைத்தாள்.

"வாயால சொல்ல வாணாம். எழுதிக் குடு."

எழுதினேன். முழங்கால்மேல் வைத்து எழுதியதில் என் எழுத்து வழக்கத்தைவிடக் கேவலமாக வந்தது. மாமா வாங்கி, தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"புளி ஜாஸ்தி. இருந்தாலும்... இன்னாது இது... தினமும் சாப்பிடச் சம்மதம்."

கஸ்தூரி குண்டான் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவது தெரிந்தது. மாமா சிட்டையை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"எழுத்து ரொம்பக் கேவலமா கீது. விசயம் பரவால்ல. உங்க மாமன வூட்டாண்ட வரச் சொல்லு."

பெரிய சார் கேன்டீன்காரரை மாற்றவில்லை. அத்தனை பேர் முன்னால் மாட்டிக்கொண்ட பிறகு அவரால் எப்படி மாற்ற முடியும்? அடுத்த முறை வந்தபோது தயிர்சாதம் மட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம். சாப்பாடு எப்படி இருக்கிறது என்று கஸ்தூரி கேட்டால் யாரும் வாயால் பதில் சொல்லக்கூடாது. எழுதித்தான் கொடுக்க வேண்டும். விருந்தாளிக்கும் இதே சட்டம்தான். இலை போட்டால் பக்கத்திலேயே துண்டுத்தாளும் பென்சிலும் வந்துவிடும். காரணம் கேட்பவர்களுக்கு என் கதையை முதலிலிருந்து சொல்வாள், ரங்கன் குரலில் படித்தும் காட்டுவாள். எனக்கு இப்போதும் அந்த இடத்தில் காது சூடாகும்.

போன வருஷம் எங்கள் மகளுக்குக் கல்யாணம் ஆனது. மருமகன் பென்னலூர் பக்கம் ஒரு பேக்டரியில் லைன் சூப்பர்வைசர். பெயருக்குத்தான் சூப்பர்வைசர், கூச்சத்தில் என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார். மறுவீட்டுச் சாப்பாட்டின்போது இலைக்குப் பக்கத்தில் தாளைப் பார்த்ததும் அவருக்கு வியர்த்துவிட்டது. "என்ன மாமா எழுதறது?" என்று என் காதில் கேட்டார். நான் என் தாளை லேசாக அவர் பக்கம் தள்ளினேன்.

கஸ்தூரி இரண்டையும் வாங்கிப் படித்தாள். என் தாளில் "உப்பு கம்மி" என்று இருந்தது. மருமகன் தாளிலும் "உப்பு கம்மி" என்று, எழுத்து பிசகாமல் அப்படியே இருந்தது.

"இன்னாங்க இது, மாமனாரும் மருமவனும் ஒண்ணையே எழுதிகினு கீறீங்க?" என்று என்னை முறைத்தவள், மருமகன் தாளைக் கொஞ்சம் கீழே பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அடியில் அவர் சொந்தமாக ஒரு வரி சேர்த்திருந்தார்.

"ஆனாலும் இன்னொரு கரண்டி ஊத்துங்க அத்தை."

கஸ்தூரி சாம்பார் வாளியோடு எழுந்தாள். என் இலையைத் தாண்டிக்கொண்டு நேராக அவரிடம் போனாள்.